பழைய டிராவலர் கேரவனுக்கு என்ன ஆயில்: பதினைந்து-நாற்பதா, இருபது-ஐம்பதா, சிந்தெடிக்கா?

பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி, பின்சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு, படுக்கை, தண்ணீர்த் தொட்டி, சின்ன அடுப்பு என்று கேரவனாக மாற்றிக்கொள்கிற ஆசை மதுரைப் பக்கமும் வந்துவிட்டது. வண்டி வந்த பிறகு ஆயில் மாற்றும் நாளில்தான் குழப்பம். பட்டறையில் ஒன்று சொல்வார்கள், கடைக்காரர் இன்னொன்று சொல்வார், புதுக் கார் வைத்திருக்கும் மச்சான் "சிந்தெடிக் போடுங்க மாப்ளே" என்பார் (ரசாயன முறையில் செயற்கையாக உருவாக்கிய ஆயில் அது). என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வெயிலுக்கும் நாம் ஏறுகிற மலைகளுக்கும், எஞ்சின் ஓரளவு நல்ல நிலையில் இருந்தால், டீசலுக்கான சாதாரண மினரல் 15டபிள்யூ-40, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்த ஆயில், போதும். அதில் மிச்சமாகிற காசை, ஆயிலைச் சீக்கிரம் சீக்கிரமாக மாற்றுவதில் போட வேண்டும்.

முதலில் எஞ்சினைப் பார்த்துவிடலாம். பழைய டிராவலர்களில் நிறைய வண்டிகளில் இருப்பது, 1970களில் மெர்சிடிஸ் 240டி காரில் வந்த ஓஎம்616 எஞ்சினின் வாரிசு. பஜாஜ் டெம்போ உரிமம் வாங்கி இங்கே தயாரித்தது. அந்த நிறுவனத்துக்கு ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் வந்தது 2005-ல். டீசலை நேராக சிலிண்டருக்குள் தெளிக்காமல், மேலே உள்ள ஒரு சின்ன அறையில் தெளித்து எரிக்கும் பழைய வகை இது. கரி அதிகம் வரும். புது ஆயில் ஊற்றிவிட்டு வீடு வந்து சேர்வதற்குள் டிப்ஸ்டிக்கில் கறுப்பாகத்தான் தெரியும். பயப்பட ஒன்றுமில்லை. கரி அடியில் படியாமல் ஆயிலில் மிதக்கிறது என்று அர்த்தம். அதைச் செய்வதற்குத்தான் டீசல் ஆயிலில் தனி மருந்துகள் சேர்க்கிறார்கள்.

இன்னொரு விஷயம், கேரவனின் வாழ்க்கை டிரிப் வேனின் வாழ்க்கை மாதிரி இல்லை. டிரிப் வேன் தினமும் ஓடும், தினமும் சூடேறும், உள்ளே சேர்ந்த ஈரம் ஆவியாகிப் போய்விடும். கேரவன் மாதக்கணக்கில் வீட்டு வாசலில் நிற்கும். அப்புறம் ஒருநாள் குடும்பம், நூறு லிட்டர் தண்ணீர், கேஸ் சிலிண்டர், பேட்டரி எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வத்தலக்குண்டு தாண்டி இரண்டாவது கியரில் கொடைக்கானல் ஏறும். ஆயிலுக்கு இரண்டு விதமான சோதனை: நிற்கும்போது ஈரமும் அமிலமும், ஏறும்போது சூடு. எந்த ஆயில் நல்லது என்ற கேள்விக்கு இந்த இரண்டையும் வைத்துத்தான் பதில் சொல்ல முடியும்.

பட்டறைகளில் அதிகம் கேட்கிற யோசனை 20டபிள்யூ-50. "பழைய எஞ்சின், கெட்டியா ஊத்துங்கண்ணே" என்பார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பின்னால் இருக்கும் 40, 50 என்பது சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதற்கான எண். சூடான எஞ்சினில், அதாவது 100 டிகிரியில், 40 கிரேடு ஆயிலின் பாகுநிலை (கெட்டித்தன்மை) 12.5-லிருந்து 16.3 சென்டிஸ்டோக் வரை இருக்கலாம். 50 கிரேடு 16.3-லிருந்து 21.9 வரை. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடிய எஞ்சினில் கெட்டியான ஆயில் அழுத்தத்தைக் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும், ரிங் வழியாக மேலே ஏறி எரிவதும் குறையும். ஆனால் அழுத்தம் ஏன் குறைந்தது என்று பார்க்காமல் ஆயிலைக் கெட்டியாக்குவது நோயை மூடிவைக்கிற வேலை. சூடான பிறகு ஐட்லிங்கில் ஆயில் லைட் மினுக்கினால், முதலில் சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஒரு மீட்டரை மாட்டி அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். பல நேரம் சென்சார்தான் போயிருக்கும்.

அதைவிடப் பெரிய சிக்கல் கடை அலமாரியில் இருக்கிறது. 20டபிள்யூ-50 என்று நம் கடைகளில் கிடைப்பதில் பெரும்பாலானது பைக் ஆயில், இல்லையென்றால் பெட்ரோல் கார் ஆயில். டீசல் எஞ்சினின் கரியைச் சமாளிக்கும் அளவுக்கு அதில் மருந்து இருக்காது. கேனைத் திருப்பி ஏபிஐ (அமெரிக்கத் தரக் குறியீடு) என்ற எழுத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். எஸ் என்று தொடங்கினால் பெட்ரோலுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. ஜாஸோ எம்ஏ என்று போட்டிருந்தால் அது பைக்குக்கு. கெட்டி என்ற ஒரே காரணத்துக்காக பைக் ஆயிலை டிராவலருக்கு ஊற்றுவதைவிட, சரியான டீசல் 15டபிள்யூ-40 எவ்வளவோ மேல்.

சரி, முன்னால் இருக்கும் 15, 20 என்ன? அது குளிரில் ஆயில் எவ்வளவு ஓடும் என்பதற்கான எண். 15டபிள்யூ ஆயிலை மைனஸ் 20 டிகிரியிலும், 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்துச் சோதிக்கிறார்கள். மதுரையில் மார்கழி விடியலில்கூட 20 டிகிரி பக்கம் இருக்கும். கொடைக்கானலில் இரவு தங்கினாலும் சோதனைக் குளிருக்கு அருகில்கூடப் போகமாட்டோம். ஆகவே 5டபிள்யூ என்பதற்காகக் கூடுதல் விலை கொடுக்க இங்கே காரணமே இல்லை.

இதே காரணத்தால்தான் சிந்தெடிக் 5டபிள்யூ-40 விஷயத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வம் வரவில்லை. அது தரமான ஆயில், சந்தேகமில்லை. சூட்டில் சீக்கிரம் கெடாது, டர்போவின் ஷாஃப்டில் கரி பிடிக்க விடாது. டர்போ உள்ள, காமன் ரெயில் (உயர் அழுத்தத்தில் டீசலைத் தெளிக்கும் புது முறை) உள்ள பிந்தைய டிராவலர் என்றால் நானே அதைச் சொல்வேன். டர்போ இல்லாத பழைய எஞ்சினில் அந்தத் திறமைக்கு வேலை குறைவு. விலையோ மினரலைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த எஞ்சினுக்கு ஆறேழு லிட்டர் பிடிக்கும் என்பதால் அந்த வித்தியாசம் பில்லில் நன்றாகவே தெரியும். சிந்தெடிக் ஊற்றினால் சீல் கசியும் என்று பயமுறுத்துவார்கள். இன்றைய சிந்தெடிக் ஆயில் நல்ல சீலைக் கெடுக்காது. பல வருடம் பிசுக்கு அடைத்துக்கொண்டிருந்த இடத்தைச் சுத்தம் செய்துவிட்டால், ஏற்கெனவே கிழிந்திருந்த சீல் வெளியே தெரியவரும், அவ்வளவுதான். என் தயக்கம் வேறு. இவ்வளவு காசு கொடுத்து ஊற்றியவர் அதை இரண்டு வருடம், மூன்று வருடம் வைத்திருப்பார். கரியும் ஈரமும் சேர்வதை சிந்தெடிக் தடுக்காது.

மினரல் 15டபிள்யூ-40 என்று முடிவு செய்தபின் உள்ளே இன்னொரு தேர்வு இருக்கிறது: ஏபிஐயின் டீசல் தரங்களில் சிஐ-4 வாங்குவதா, சிகே-4 வாங்குவதா. இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் இதற்குப் பதில் பெட்ரோல் பங்க்கில் இருக்கிறது. சிஐ-4 தரம் 2002-ல் வந்தது. அன்றைய டீசலில் கந்தகம் அதிகம். எரியும்போது அது அமிலமாகும். அதை முறிக்க ஆயிலில் காரத்தன்மை நிறைய வேண்டும். டிபிஎன் என்று கேனில் அல்லது தரவுத் தாளில் போட்டிருப்பது இதைத்தான். 2016 டிசம்பரில் வந்த சிகே-4, கந்தகம் மிகக் குறைந்த டீசலையும் புகைவடிகட்டி உள்ள வண்டிகளையும் மனதில் வைத்து உருவானது. வடிகட்டி அடைக்கக் கூடாது என்பதற்காகச் சாம்பலை ஒரு சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். இப்போது 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பங்க்கில் வருவது பிஎஸ்-6 டீசல், கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே. ஆக, சிகே-4 நம் பழைய எஞ்சினுக்கும் தாராளமாகப் பொருந்தும். சூட்டைத் தாங்குவதிலும் அது ஒரு படி மேலே.

அப்படியிருந்தும் நான் சிஐ-4 பக்கம் சாய்வதற்குக் காரணம் இரண்டு. தேனியிலோ உசிலம்பட்டியிலோ நின்று ஒரு லிட்டர் கேட்டால் கையில் கிடைப்பது அதுதான். இரண்டாவது, நம் வண்டியில் புகைவடிகட்டி கிடையாது, சாம்பலைப் பற்றிக் கவலையில்லை. மாதக்கணக்கில் நிற்கிற எஞ்சினுக்கு அமிலத்தை முறிக்கும் கையிருப்பு கொஞ்சம் கூடுதலாக இருப்பது நல்லது. இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்தால் சிகே-4 வாங்குங்கள், தவறே இல்லை. எஃப்ஏ-4 என்று எங்காவது பார்த்தால் மட்டும் தொடாதீர்கள். அது புது வகை லாரிகளுக்கான மெல்லிய ஆயில்.

சர்வோ, மேக், கேஸ்ட்ரால், ஷெல், கல்ஃப் என்று கம்பெனிச் சண்டைக்கு நான் வரவில்லை. சிஐ-4 முத்திரை உண்மையாக இருந்தால் எதுவும் சரிதான். உண்மையாக இருப்பதுதான் முக்கியம். டப்ளிகேட் ஆயில் நடமாடுகிறது. பங்க்கிலோ பில் கொடுக்கும் டீலரிடமோ வாங்குங்கள், மூடியில் சீல் உடையாமல் இருக்கிறதா பாருங்கள், காலி கேனில் ஒரு ஓட்டை போட்டுவிட்டுத்தான் பட்டறையிலிருந்து கிளம்புங்கள். டிரம்மில் அளந்து தரும் லூஸ் ஆயில் வேண்டாம். தனி 40 நம்பர் ஆயில், ஆயில் ட்ரீட்மென்ட் டப்பாக்கள் இவை பற்றிப் பேச எதுவும் இல்லை, விட்டுவிடலாம்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் கேரவன்காரர்கள் கோட்டை விடுகிறார்கள். கிலோமீட்டரை மட்டும் பார்த்தால் நாள் வரவே வராது. 5,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன். அதையும், வண்டியை எடுக்கும் முன் மாற்றாமல், நிறுத்தும் முன் மாற்றுகிறேன். சித்திரை வைகாசியில் மலைக்குப் போய்விட்டு வந்து, ஐப்பசி மழை பிடிப்பதற்குள் அழுக்கு ஆயிலை வடித்துவிட்டால், நான்கு மாதம் நின்றாலும் பேரிங் சுத்தமான ஆயிலில் இருக்கும். எஞ்சின் சூடாக இருக்கும்போதே வடிக்க வேண்டும், அப்போதுதான் கரியும் சேர்ந்து இறங்கும். ஃபில்டரையும் வடிகால் போல்ட்டின் செப்பு வாஷரையும் கூடவே மாற்றிவிடுங்கள். வாஷர் பத்து இருபது ரூபாய்ப் பொருள், அதை மிச்சம் பிடித்தால் வாசலெல்லாம் சொட்டும். நிற்கும் காலத்தில் பேட்டரிக்காக ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது கெடுதல். ஈரம் ஆவியாகிற அளவுக்கு எஞ்சின் சூடேறாது. ஸ்டார்ட் செய்தால் மாட்டுத்தாவணியிலிருந்து மேலூர் வரையாவது ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

நடுவில் சந்தேகம் வந்தால் டிப்ஸ்டிக்கிலிருந்து ஒரு சொட்டை டிஷ்யூ காகிதத்தில் விட்டு, சில மணி நேரம் காயவிட்டுப் பாருங்கள். நடுவில் கறுப்பு, சுற்றிலும் சாம்பல் நிறத்தில் வளையம் விரிந்திருந்தால் ஆயிலுக்கு இன்னும் உயிர் இருக்கிறது. கறுப்பு நடுவிலேயே கட்டியாக நின்று, ஓரம் கூர்மையாக வெட்டினாற்போல் தெரிந்தால் கரியைத் தாங்கும் சக்தி போய்விட்டது. நிரப்பும் மூடிக்கு அடியில் மோர் நிறத்தில் பிசுக்கு இருந்தால் ஈரம். தொடர்ந்து ஓட்டியும் அது போகவில்லை, ரேடியேட்டரிலும் தண்ணீர் குறைகிறது என்றால் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும்.

இருபது-ஐம்பதுக்கு ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டருக்கு மேல் ஆயில் குடிக்கிறது, கசிவும் இல்லை, எஞ்சின் பிரிக்க இந்த வருடம் காசும் இல்லை என்றால், சி எழுத்து உள்ள டீசல் 20டபிள்யூ-50 தேடிப் பிடித்து ஊற்றுங்கள். அந்த நிலையில் அது உதவும். அதோடு, மலையேறுவதாக இருந்தால் அதே ஆயிலில் ஒரு லிட்டர் கேன் வண்டியில் இருக்கட்டும். போடி மெட்டுக்கோ கொடைக்கானலுக்கோ ஏறும் முன், அடிவாரத்தில் சமதரையாகப் பார்த்து நிறுத்தி, பத்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். கொண்டை ஊசி வளைவுக்குப் போய்ச் சரிவில் நிறுத்திப் பார்த்தால் அளவு தப்பாகக் காட்டும்.