மிட்வைஃபரியில் மேற்படிப்பு: போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோவா, மாஸ்டர்ஸா?

இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் கோயில் காவடி முடிந்து சாப்பிட உட்கார்ந்தால் போதும், நர்ஸ் வேலை பார்க்கும் பிள்ளை யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ஆன்ட்டி, மிட்வைஃபரியில் (பிரசவம் பார்க்கும் படிப்பில்) மேலே படிக்கணும், டிப்ளமோ போகவா மாஸ்டர்ஸ் போகவா?" என்று கேட்டுவிடும். லேபர் வார்டிலேயே என் காலம் போனதால் என்னிடம் கேட்கிறார்கள். இலைக்கு முன்னால் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன்.

முதலில் பெயர்க் குழப்பம். வார்டில் "அட்வான்ஸ்டு மிட்வைஃப்" என்று நாம் மரியாதையோடு சொல்லும் சிஸ்டர்கள் பழைய ஆர்.212 (அது விதிமுறை எண்) படிப்பை முடித்த நிபுணர்கள். இப்போதைய "அட்வான்ஸ்டு டிப்ளமோ இன் மிட்வைஃபரி" அது இல்லை! மூன்று வருட நர்ஸிங் டிப்ளமோவில் மிட்வைஃபரி கிடையாது என்பதால், அதை முடித்தவர்கள் மிட்வைஃப் ஆவதற்கான ஒரு வருடப் படிப்பு இது, என்.க்யூ.எஃப். என்ற தேசியத் தகுதி வரிசையில் 7ஆம் நிலை. நான்கு வருட டிகிரி முடித்தவருக்கு இது தேவையே இல்லை, அவர் ஏற்கெனவே நர்ஸும் மிட்வைஃபும்தான். நிபுணர் ஆக வேண்டும் என்றால் அதற்கு மேலே, 8ஆம் நிலையில் இருக்கும் போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ. "அட்வான்ஸ்டு" என்ற சொல்லைப் பார்த்து விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள்.

சரி, இப்போது இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

போஸ்ட் கிராஜுவேட் டிப்ளமோ 120 கிரெடிட், முழுநேரமாகப் படித்தால் ஒரு வருடம், அதில் பெரும்பகுதி உழைப்பு வார்டில்தான். இந்த நாட்டில் தாய்மார் இறப்பை 1998 முதல் ஒரு தேசியக் குழு ஒவ்வொன்றாக ஆராய்ந்து வருகிறது. அதன் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப முன்னால் நிற்கும் காரணங்கள் எச்.ஐ.வி. சார்ந்த தொற்றுகள், உதிரப்போக்கு, கர்ப்பகால ரத்தக்கொதிப்பு. எவ்வளவோ பேரைக் காப்பாற்றியிருக்கலாம் என்றும் அவை சொல்கின்றன. மிட்வைஃபுகளே நடத்தும் சின்ன பிரசவ மையத்தில், டாக்டர் இல்லாத இரவில், பிள்ளை பிறந்தும் ரத்தம் நிற்காத ஒரு தாயின் முன்னால் நீங்கள் நிற்கும்போது உதவுவது இந்த டிப்ளமோ பழக்கிய கைதான். என் பாட்டி கரும்புத் தோட்ட பாரக்கில் மருத்துவச்சி கையில் பிறந்தவர், அந்த அம்மாளிடம் இருந்ததும் கைப்பழக்கம்தான். ஆனால் எந்த நேரத்தில் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும், எதைக் கையில் எடுக்கக் கூடாது என்பதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாஸ்டர்ஸ் 9ஆம் நிலை, 180 கிரெடிட். இங்கே டர்பனில் குவாசுலு-நடால் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஊரை விட்டுப் போக வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள்தான் அதிகம், அதனால் இழுக்கும். ஆய்வுக்கு எத்திக்ஸ் அனுமதி, பிறகு ஆஸ்பத்திரி அனுமதி என்று மாதங்கள் ஓடிவிடும். ஆனால் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொடுக்க, டாக்டரேட் போக, மாகாண அளவில் திட்டம் வகுக்கும் இடத்தில் உட்கார இதுதான் வழி. நம் பெண்கள் அந்த நாற்காலிகளில் உட்கார வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு.

சம்பளம்? அரசு வேலையில் 2007இல் வந்த ஓ.எஸ்.டி. என்ற சம்பள ஏற்பாட்டின்படி ஸ்பெஷாலிட்டி நர்ஸ் சம்பள நிலைக்கு, செவிலியர் கவுன்சிலில் பதிவான ஒரு வருட கிளினிக்கல் தகுதி வேண்டும், அந்தத் துறையிலேயே வேலையும் பார்க்க வேண்டும். ஆய்வேடு மட்டும் எழுதி வாங்கிய மாஸ்டர்ஸ் உங்களை நிபுணர் மிட்வைஃபாகப் பதிவு செய்யாது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பட்டமளிப்பு முடிந்து வீட்டில் பிரியாணி போட்ட பிறகுதான் பலருக்குத் தெரிய வருகிறது.

அதனால் என் பதில்: வார்டுதான் உங்கள் உயிர் என்றால் டிப்ளமோ முதலில், மாஸ்டர்ஸ் பிறகு. கற்றுக்கொடுக்கத்தான் பிறந்தேன் என்பவர்கூட முதலில் இரண்டு வருடமாவது லேபர் வார்டில் நின்றுவிட்டுப் போகட்டும், ஏனென்றால் மாணவி கேட்கும் கேள்வி பெரும்பாலும் புத்தகத்தில் இருக்காது. சில நாட்களில் முடியும் எஸ்மோ என்ற பிரசவகால அவசரச் சிகிச்சைப் பயிற்சியை எதில் சேர்ந்தாலும் விடாதீர்கள்.

அப்புறம், சுகாதாரத் துறையின் செலவில் ஸ்டடி லீவ் எடுத்தால் அதற்கு ஈடாகத் திரும்ப வந்து வேலை செய்ய வேண்டியிருக்கும், கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருடம் என்று படியுங்கள். பணம் கட்டுமுன் கல்லூரியிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: இந்தப் படிப்புக்குச் செவிலியர் கவுன்சிலின் அங்கீகாரக் கடிதம் எங்கே? வாயால் சொன்னால் போதாது, காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள்.