பாரிசில் ஒரு வாரம்: பாஸா, தனிச்சீட்டா, கையிலிருக்கும் கார்டா?

மார்ச் மாத செமஸ்டர் விடுமுறையில் மூன்று பேர் பாரிஸ் போவது என்று முடிவானது. ஸ்டுட்கார்ட்டில் படிக்கும் நான், வயது 24. என் அறைத்தோழன், நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு மேற்படிப்புக்கு வந்தவன், 27. லண்டனில் படிக்கும் பள்ளிக்கால நண்பன், 23. மூவர் கையிலும் இந்தியப் பாஸ்போர்ட்தான். ஆனால் லூவர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைத் திறந்தால் எங்களுக்கு மூன்று விலை காட்டியது: எனக்கு இலவசம், அறைத்தோழனுக்கு 22 யூரோ, லண்டன்காரனுக்கு 32 யூரோ.

எங்கள் இந்தியப் பாஸ்போர்ட் இங்கே கணக்கில்லை, எங்கே குடியிருக்கிறோம் என்பதுதான் கணக்கு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வசிக்கும் 18 முதல் 25 வயதுக்காரர்களுக்கு லூவர், ஓர்சே அருங்காட்சியகம், வெர்சாய் அரண்மனை எல்லாமே இலவசம். குடியுரிமை வேண்டாம், படிக்க வந்த நாட்டின் ரெசிடென்ஸ் பெர்மிட் போதும். 26-வது பிறந்தநாளோடு சலுகை முடிகிறது, அதனால் அறைத்தோழனுக்கு இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிவிட்டதால் லண்டன்காரனுக்கும் இல்லை. 2026 ஜனவரியிலிருந்து வெளியாட்களுக்கு லூவர் விலையை 32 ஆக்கியதும் அவன் தலையில்தான் விழுந்தது. போதாக்குறைக்கு ஷெங்கன் விசாவுக்கு வேறு தனியாக அலைந்தான், பாவம்.

இப்போது, பல இடங்களுக்கும் சேர்த்து ஒரே சீட்டான மியூசியம் பாஸுக்கு வருவோம். 2, 4, 6 நாள் என்று மூன்று வகை, ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்கள். பயணக் குறிப்பு எழுதுகிறவர்கள் பலரும் முதல் வரியிலேயே இதை வாங்கச் சொல்கிறார்கள். நானும் ஆறு நாள் பாஸை, நூறு யூரோவுக்கு மேல், கார்டு எண் வரைக்கும் தட்டிவிட்டு நிறுத்தினேன். நிறுத்தியிருக்காவிட்டால், சும்மா கிடைப்பதைக் காசு கொடுத்து வாங்கியிருப்பேன். 26-க்குள் இருந்து ஜெர்மனியிலோ இத்தாலியிலோ படிக்கிற யாருக்கும் இந்தப் பாஸ் வேண்டாம். இதில் இரண்டாவது பேச்சுக்கே இடமில்லை.

ஒரு விஷயம்: மாணவர் அட்டையைக் காட்டி உள்ளே போகலாம் என்று நினைக்காதீர்கள். லூவர் வாசலில் முதலில் அதைத்தான் நீட்டினேன். காவலர் அதைத் தொடவே இல்லை. ரெசிடென்ஸ் பெர்மிட்டைக் கொடுத்ததும் திருப்பிப் பார்த்தார், பிறந்த ஆண்டின் மேல் கட்டைவிரலை வைத்து, உதடு அசைய ஒரு கழித்தல் போட்டார், தலையாட்டினார். இலவசம் என்றாலும் நேரத்தை முன்பதிவு செய்து பூஜ்ய யூரோ சீட்டு ஒன்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. பாஸ் வைத்திருப்பவர்களும் லூவருக்கு நேரம் குறித்துத்தான் ஆகவேண்டும். பாஸ் இருந்தால் நேரே நுழைந்துவிடலாம் என்று நம்பி வந்து வரிசையில் விழித்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்தேன்.

லண்டன்காரனுக்கோ பாஸ்தான் சரி. வியாழன் மதியம் யூரோஸ்டார் ரயிலில் வந்து இறங்கியவன் நான்கு நாள் பாஸ் எடுத்தான். லூவர் 32, சாந்த் ஷபெல் தேவாலயம் 22 என்று தனித்தனியாகக் கூட்டினால் ஐந்தாறு இடத்தில் பாஸ் விலையைத் தாண்டிவிடும். ஆனால் அந்த ஐந்தாறு இடத்தையும் நான்கு நாளில் ஓடி முடிக்க வேண்டும், அவன் ஓடினான். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு வெர்சாய் போக எங்களை எழுப்பியவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அறைத்தோழன் தனிச்சீட்டு: மொத்தம் மூன்று இடம், மற்ற நேரம் சேன் நதிக்கரையில் நடை. நோத்ர தாம் தேவாலயம் எல்லோருக்கும் இலவசம். 2019 ஏப்ரல் தீ விபத்துக்குப் பின் 2024 டிசம்பரில் திறந்தார்கள், உள்ளே கல் புதிதாக வெட்டியதுபோல வெளேரென்று இருக்கிறது. அவனுடைய வாரம் எந்த விதத்திலும் குறைந்துபோகவில்லை.

லூவரா, ஓர்சேயா? ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் நான் ஓர்சே பக்கம். லூவர் ஒரு கடல், எந்தக் கரையில் இறங்குவது என்று தீர்மானிப்பதற்குள் கால் வலிக்க ஆரம்பித்துவிடும். மோனாலிசா ஓவியம் 77-க்கு 53 சென்டிமீட்டர்தான். அதைவிட அதன் முன்னால் உயர்ந்து நிற்கும் கைபேசிகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். ஓர்சே அப்படியில்லை. 1900-ம் ஆண்டு உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ரயில் நிலையம் அது. பின்னால் ரயில்கள் நீளமாகிவிட, நடைமேடை போதாமல் தொலைதூர ரயில்கள் நின்றுபோயின. 1986-ல் அருங்காட்சியகமானது. நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் ரயில் நிலையத்துக்கே உரிய அந்த வளைந்த கூரை, அதன் கண்ணாடி வழியாக வரும் பால்வெளிச்சம். ஐந்தாவது மாடியில் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள். ரெனுவார் 1876-ல் வரைந்த நடனத் தோட்டத்தில், ஆடுகிறவர்களின் சட்டை முதுகில் மர இலைகளுக்கு நடுவே விழும் வெயில் வட்டம் வட்டமாக இருக்கும். ஊரில் வேப்பமரத்தடியில் நின்றவர்களுக்கு அந்த வட்டங்களைப் புதிதாக விளக்க வேண்டியதில்லை. அதே மாடியில் பெரிய கடிகாரத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நின்று, எண்கள் இடவலம் மாறித் தெரிய, ஊரைப் பார்க்கலாம். வியாழன் இரவு 9.45 வரை திறந்திருப்பதால், அன்று ஆறு மணிக்கு மேல் போனோம். கூட்டம் மெல்ல வடிந்துகொண்டிருந்தது.

கிழமை முக்கியம். லூவர் செவ்வாய் விடுமுறை. ஓர்சேயும் வெர்சாயும் திங்கள் விடுமுறை. இதைப் பார்க்காமல் திட்டம் போட்டால் பூட்டிய கதவைத்தான் படம் பிடித்துக்கொண்டு வரவேண்டும். நவீனக் கலை அருங்காட்சியகமான பொம்பிது மையத்தைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுங்கள், பெரிய பழுதுபார்ப்புக்காக 2025-ல் மூடியவர்கள் 2030 வாக்கில்தான் திறப்பார்கள்.

அப்புறம் போக்குவரத்து. நவிகோ என்கிற வாரப் பயணச்சீட்டு 32 யூரோ சொச்சம், மெட்ரோ தனிச்சீட்டு இரண்டரை யூரோ சொச்சம். பதின்மூன்று முறை ஏறினால் நவிகோ ஜெயிக்கும், நாளுக்கு இரண்டு முறைக்கு மேல் ஏறாத ஆள் யார்? விமான நிலைய ரயிலும் இதில் அடக்கம், தனியாக வாங்கினால் அதற்கே 13 யூரோவுக்குக் குறையாது. சிக்கல் என்னவென்றால் இந்த வாரம் என்பது எந்த நாளில் வாங்கினாலும் திங்கள் முதல் ஞாயிறு வரைதான். வெள்ளிக்கிழமை போய்க் கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள். திங்கள் வந்த எங்களுக்கு முழு லாபம். வியாழன் வந்த லண்டன்காரனுக்குத் தனிச்சீட்டு, அதிலும் ஒரு முறை ஏமாந்தான்: மெட்ரோ சீட்டோடு பேருந்தில் மாறி ஏற முடியாது, இரண்டுக்கும் வேறு வேறு சீட்டு.

நவிகோவைக் கைபேசியில் ஏற்றலாம். அட்டையாக வேண்டுமென்றால் 5 யூரோ, கூடவே 3 சென்டிமீட்டர் உயர, இரண்டரை சென்டிமீட்டர் அகலப் புகைப்படம். அறைத்தோழன் விசாவுக்கு எடுத்து மிஞ்சிய படத்தை நகவெட்டியால் கத்தரித்து ஒட்டினான். அளவுக்குள் அடங்க நெற்றி பாதி போய்விட்டது. வாரம் முழுக்க எந்தப் பரிசோதகரும் கேட்கவில்லை, நாங்கள்தான் எடுத்து எடுத்துப் பார்த்துச் சிரித்தோம்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து போவதற்கு ரயில், இரவுப் பேருந்து, விமானம் மூன்றும் உண்டு. நேரடி ரயில் மூன்றேகால் மணி நேரத்துக்குள் ஊர் நடுவில் இறக்கிவிடும், சீக்கிரம் பதிவு செய்தால் விலையும் தாங்கும். மலிவு விமானங்களில் சில பொவே விமான நிலையத்தில் இறங்கும். அதுவும் பாரிஸ் என்றுதான் பெயர், ஆனால் ஊர் எண்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. இரவுப் பேருந்தில் கழுத்து பிடித்துக்கொண்டால் முதல் நாள் போச்சு. ரயில்தான்.

ஈஃபில் கோபுரத்தில் என் கார்டு செல்லாது, அங்கே பெரியவர்கள் எல்லோருக்கும் கட்டணம் உண்டு. இரண்டாம் தளம் வரை 674 படி, படியேறுவது லிஃப்டைவிட மலிவு. ஆனால் கோபுரத்தின் மேல் நின்றால் கோபுரம் தெரியாதே! வெற்றி வளைவுக்கு 284 படிதான். இருட்டியதும் மேலே போனோம். பன்னிரண்டு சாலைகள் காலடியில் நட்சத்திரம்போலப் பிரிகின்றன, மணி அடித்ததும் தூரத்தில் கோபுரம் ஐந்து நிமிடம் மினுங்கியது. ஒருவரும் பேசவில்லை.

சாப்பாட்டுக்கு ரொட்டிக்கடையும் சூப்பர் மார்க்கெட்டும் போதும், ஐந்தாம் நாள் நாக்கு செத்துவிடும்வரை. அதன்பின் லாச்சப்பல். கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான், ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெருக்கள். "தம்பி, உறைப்பு கூடப் போடட்டோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கொத்து ரொட்டி போட்டார்கள். அங்கே மட்டும்தான் மூவருக்கும் ஒரே விலை.

எனக்கு 26 ஆக இன்னும் பதினாறு மாதம் இருக்கிறது. மொனே வரைந்த அல்லிக்குள ஓவியங்கள் இருக்கும் ஓரான்ஷரி அருங்காட்சியகத்தை வேண்டுமென்றே பார்க்காமல் விட்டு வந்தேன்.