வாஷரில் தண்ணீர் வலுவாக அடிக்கவில்லையா? பம்பை மாற்றச் சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய கார் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படியுங்கள். முன்கண்ணாடி வாஷர் சரியாக அடிக்கவில்லை என்று ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த அசல் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டார்கள். அது இனி என் கைக்கு வராது. பழுதோ அப்படியே இருந்தது, போதாததற்குப் புதிதாக மூன்று கோளாறுகள் சேர்ந்துகொண்டன.

கார் 1964ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மாடல், அப்பா வாங்கியது. பாசிட்டிவ் எர்த் வண்டி. அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவும் அப்படித்தான். இன்றைய வண்டிகளில் நெகட்டிவ்தான் எர்த். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வாஷரும் அந்தக் காலத்துப் பாணிதான். கண்ணாடி பாட்டில், அதன் மூடியின் மேலேயே மோட்டார். மோட்டாரிலிருந்து நீளமான தண்டு ஒன்று தண்ணீருக்குள் இறங்கி, அடியில் இருக்கும் சின்ன விசிறியைச் சுற்றும். மூடியை எப்போதும் ஒரே வாட்டத்தில் பொருத்த வேண்டும் என்பதற்காக அப்பா அதன் ஓரத்தில் பச்சை பெயின்ட்டில் ஒரு பொட்டு வைத்திருந்தார்.

சில மாதங்களாக டிரைவர் பக்கம் தண்ணீர் கண்ணாடியின் பாதிக்குக்கூட ஏறவில்லை. மறுபக்கம் ஓரளவு அடித்தது. நானும் இன்று பார்க்கலாம் நாளை பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு மாலை, மழை விட்ட நேரம், நெடுஞ்சாலையில் முன்னால் போன லாரி சேற்றுத் தண்ணீரை வாரி இறைத்தது. எதிரே தாழ்ந்த வெயில். வைப்பரைப் போட்டதும் சேறு கண்ணாடி முழுக்கப் பூசினாற்போல் பரவியது. வாஷர் பொத்தானை அழுத்துகிறேன், தண்ணீர் பானெட்டில் வழிகிறது. சில நொடிகள் எதுவுமே தெரியவில்லை. பக்கக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டித்தான் வண்டியை ஓரங்கட்டினேன். இதைச் சின்னப் பழுது என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போது கோபம் வருகிறது.

மறுநாளே ஒர்க்‌ஷாப். மெக்கானிக் பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்திப் பார்த்தார். "மோட்டார் வீக் ஆயிடுச்சு சார். புதுசு போட்டாத்தான் சரிவரும்" என்றார். டியூப்பைக் கழற்றவில்லை, மீட்டர் வைக்கவில்லை. ஒரு பக்கம் அடித்து மறுபக்கம் அடிக்கவில்லை என்றால் இரண்டு பக்கத்துக்கும் பொதுவான பம்பைச் சந்தேகிப்பதில் அர்த்தமே இல்லை. தண்ணீர் இரண்டாகப் பிரியும் டி இணைப்புக்கு அப்புறம்தான் எங்கோ கோளாறு. இது அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து வண்டியை எடுக்கப் போனால், மூடியோடு சேர்ந்த பழைய பம்ப் இல்லை. பாட்டில் பக்கத்தில் புதிய பிளாஸ்டிக் பம்ப் ஒன்று. பாட்டிலின் அடியிலிருந்து அதற்கு டியூப், பாட்டில் வாயில் எதிலிருந்தோ எடுத்த இறுக்கமான மூடி. பில்லில் மோட்டார், ஒயரிங், கூலி என்று மூன்று வரி. அழுத்திக் காட்டினார். மோட்டார் ஜோராகச் சுற்றும் சத்தம் கேட்டது, ஆனால் இரண்டு பக்கமுமே தண்ணீர் கண்ணாடியின் அடியைத்தான் நனைத்தது. "புது மோட்டார் சார், நாலு நாள் ஓடினா செட் ஆயிடும்."

இந்த வார்த்தையை யார் சொன்னாலும் நம்பாதீர்கள். வாஷர் பம்ப் ஓடி ஓடிப் பழக வேண்டிய பொருள் அல்ல. நல்லதாக இருந்தால் முதல் அழுத்திலேயே அடிக்கும்.

நாலு நாள் கழித்துத் திரும்பப் போனேன். இந்த முறை ஜெட்டில், அதாவது கண்ணாடியில் தண்ணீரைப் பீய்ச்சும் முனையில், அடைப்பு என்றார்கள். ஒரு பையன் தடிமனான இரும்புக் கம்பியை எடுத்துப் பித்தளை ஜெட்டின் துளைக்குள் விட்டுக் குடைந்தான். நான் தடுப்பதற்குள் முடிந்துவிட்டது. துளையின் விட்டம் இரண்டு மடங்கானால் தண்ணீர் வெளியேறும் வழி நாலு மடங்காகிறது. அதே பம்புக்கு அவ்வளவு தண்ணீரை அதே வேகத்தில் தள்ள முடியாது. பீய்ச்ச வேண்டியது ஒழுகும். மூன்றாவது முறை போனபோது, "பழைய காரு சார், இப்படித்தான் இருக்கும்" என்று முடித்துவிட்டார்கள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே உட்கார்ந்தேன். பம்பிலிருந்து வெளியேறும் டியூப்பைக் கழற்றி, அங்கே ஒரு துண்டு டியூப் செருகி, காலி பாட்டிலுக்குள் விட்டு அழுத்தினேன். இது இரண்டு நிமிட வேலை, யாரும் செய்யலாம். அங்கே தண்ணீர் வேகமாக வந்தால் பம்பில் குற்றமில்லை, டியூப்பிலோ ஜெட்டிலோதான் தேட வேண்டும். எனக்கு அங்கேயே மந்தமாக வந்தது. புது பம்ப்!

கரண்ட் சரியாகப் போகவில்லையோ என்று மல்டிமீட்டரை எடுத்தேன். எர்த்தில் துரு இருந்தால் பம்ப் ஓடும்போதுதான் வோல்ட் இறங்கும், அதனால் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் சிவப்பு ஒயர் முள்ளைப் பம்பில் பிளஸ் என்று போட்டிருந்த முனையிலும், கறுப்பை மைனஸிலும் வைத்து அழுத்தினேன். 12 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. நல்ல அளவுதான். ஆனால் எண்ணுக்கு முன்னால் சின்னதாக ஒரு மைனஸ் குறி. முள்ளை மாற்றி வைத்துவிட்டேனோ என்று இரண்டு தடவை பார்த்தேன். இல்லை. ஒயரைத்தான் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

பாசிட்டிவ் எர்த் வண்டி என்பதைப் பார்க்காமல், எல்லா வண்டியையும்போல மைனஸ் முனையைப் பாடியில் சேர்த்துவிட்டார்கள். நிரந்தரக் காந்தம் வைத்த இந்த மோட்டார் அப்போது எதிர்த்திசையில் சுற்றும். உள்ளே இருப்பது விசிறி என்பதால் எதிர்த்திசையிலும் கொஞ்சம் தண்ணீரைத் தள்ளிவிடும். அதுதான் ஆளை ஏமாற்றுகிறது. சத்தம் வருகிறது, தண்ணீரும் வருகிறது, வலுதான் இல்லை.

இரண்டு ஒயரையும் இடம் மாற்றினேன். பாட்டிலுக்குள் தண்ணீர் சீறிக்கொண்டு விழுந்தது. டியூப்பைப் பழையபடி மாட்டி அழுத்தினால், முதல் நாலைந்து நொடி அருமை. அப்புறம் மெல்ல மெல்லத் தளர்ந்தது. பாட்டில் மூடியைத் திருகியதும் "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே போனது. தண்ணீர் வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே வர வேண்டும். பழைய மூடியில் அதற்குத் துளை இருந்தது. இவர்கள் வைத்த மூடியில் இல்லை. பிளாஸ்டிக் டேங்க்காக இருந்தால் உள்வாங்கிக் காட்டிக்கொடுத்திருக்கும், கண்ணாடியில் அதுவும் தெரியாது. மூடியில் மெல்லிய துளை ஒன்று போட்டேன்.

இவ்வளவுக்குப் பிறகும் டிரைவர் பக்கம் மட்டும் குறைவு. டார்ச் அடித்து டியூப்பைத் தடவிக்கொண்டே போனேன். டி இணைப்புக்குக் கீழே இரும்புத் தகட்டில் வெள்ளையாக ஒரு கோடு, தண்ணீர் வழிந்து காய்ந்த உப்புத் தடம். டிரைவர் பக்கம் போகும் டியூப் எஞ்சின் சூட்டில் குச்சிபோல் விறைத்து, செருகிய இடத்தில் வெடித்திருந்தது. விரல் நகம் அளவுக்குத்தான் வெடிப்பு. நான் முதல் நாள் கொண்டுபோன பழுது இதுதான். வெடித்த நுனியை வெட்டி, மீதியைச் சுடுதண்ணீரில் நனைத்து இளக்கிச் செருகினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. விறைத்த டியூப் மற்ற இடங்களிலும் வெடிக்கும் என்பதால் பிறகு முழுவதையும் மாற்றிவிட்டேன்.

குடைந்து கெடுத்த ஜெட்டுக்கு மருந்தில்லை, மாற்றத்தான் வேண்டியிருந்தது. உங்கள் ஜெட் அடைத்தால் கழற்றி வினிகரில் ஊறப்போடுங்கள், உப்பு கரைந்துவிடும். டியூப்பைப் பிரித்துவிட்டு, ஜெட்டின் வெளிப்பக்கத்திலிருந்து உள்நோக்கிக் காற்றடியுங்கள். எதையாவது விட்டே ஆகவேண்டும் என்றால் மெல்லிய தூண்டில் நரம்பு போதும். பாட்டிலின் அடியில் வலை ஃபில்டர் இருந்தால் அதையும் பாருங்கள், வெறும் தண்ணீரை மாதக்கணக்கில் விட்டால் பாசி பிடிக்கும். தண்ணீரே இல்லாமல் பம்பை ஓடவிடாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்புக்குப் போய் மீட்டரைப் படமெடுத்ததைக் காட்டினேன். "தண்ணி வந்துச்சுல்ல சார்" என்றார் முதலாளி. பணம் திரும்பவில்லை. அதைக்கூட விட்டுவிடுவேன். பழைய பம்பையாவது கொடுங்கள் என்றேன். "ஸ்க்ராப்புல போட்டாச்சு" என்றார், என் முகத்தைக்கூடப் பார்க்காமல். வண்டியை விடும்போதே "கழற்றும் ஒவ்வொரு பொருளும் எனக்குத் திரும்ப வேண்டும்" என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்கியிருக்க வேண்டும். பாசிட்டிவ் எர்த் என்று பானெட்டுக்குள் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்க வேண்டும். ஸ்டிக்கர் இப்போது ஒட்டியாயிற்று. நீங்களும் இரண்டையும் செய்யுங்கள்.

இப்போது இரண்டு பக்கமும் தண்ணீர் கண்ணாடியின் உச்சிவரை போகிறது. பழைய உதிரிபாகம் விற்கும் இடத்துக்குப் போனால் வாஷர் மூடிகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஓரத்தில் பச்சைப் பொட்டு வைத்த மூடி, மேலே மோட்டாரோடு, உங்கள் கண்ணில் பட்டால் தயவுசெய்து சொல்லுங்கள்.