சேலத்தில் ஃபைட்டர் சிமுலேட்டர் 'ரேடார் வகுப்பு'க்குப் பணம் கட்டும் முன்

டி.சி.எஸ். என்கிற போர் விமானக் கணினி விளையாட்டை விளையாடும் சேலம் நண்பர்கள், அதிலும் அதற்குள் ஓட்டப் புதிதாக எஃப்-16 அல்லது எஃப்-18 விமானத்தை வாங்கியிருப்பவர்கள், இதை முழுசாகப் படித்துவிடுங்கள். ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒரு மாடி அறையில் வார இறுதிகளில் "ரேடார் மாஸ்டர் கிளாஸ்" என்று ஒன்று நடக்கிறது. தலைக்கு 3,500 ரூபாய். நானும் என் சித்தி மகனும் சேர்ந்தோம். அங்கே சொல்லித்தந்ததில் பெரும்பகுதி தவறு. கேட்டபோது திருத்தவும் இல்லை, பணத்தைத் திருப்பித் தரவும் இல்லை. நடத்துபவரின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எது தவறு என்று தெரிந்தால் நீங்களே அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

வகுப்பின் முக்கியச் சரக்கு லேமினேட் செய்த ஓர் அட்டை. ரேடார் திரையில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் விளக்கம் என்று அச்சிட்டிருக்கிறார்கள். முதல் வரியே இடிக்கிறது. திரையின் தூர ஸ்கேலில், அதாவது திரை அதிகபட்சம் எவ்வளவு தூரம் காட்டுகிறது என்கிற எண்ணில், 40 என்று இருந்தால் 40 கிலோமீட்டராம். அமெரிக்க விமானங்களில் அது நாட்டிக்கல் மைல். ஒரு நாட்டிக்கல் மைல் 1.852 கிலோமீட்டர், ஆக 40 என்பது 74 கிலோமீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். சுகோய்-27, மிக்-29 போன்ற ரஷ்ய விமானங்களில்தான் கிலோமீட்டர் வரும். அந்தக் குறிப்புகளை எடுத்து எஃப்-16 படத்தின் மேல் ஒட்டியிருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது.

இதனால் என்ன ஆகும்? "எதிரி திரையின் நடுவுக்கு வந்ததும் ஏவுகணையை விடுங்கள், 20 கிலோமீட்டர்தான்" என்கிறது அட்டை. உண்மையில் அப்போது எதிரி 37 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறான். தாழ்வான உயரத்தில் அவ்வளவு தூரத்திலிருந்து விட்டால், அவன் திரும்பி ஓடினாலே போதும், ஏவுகணை வேகம் இழந்து விழுந்துவிடும். என் சித்தி மகன் ஒவ்வொரு மாலையும் ஏவுகணைகளை வீணாக்கிவிட்டு, தன் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தான். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது அதுதான்.

சரிபார்ப்பது எளிது. விளையாட்டிலேயே இருக்கும் மிஷன் எடிட்டரில் காகசஸ் மேப்பைத் திறந்து, அளவு நாடாவால் 20 நாட்டிக்கல் மைல் அளந்து, உங்களுக்கு நேர் எதிரே உங்கள் உயரத்திலேயே ஒரு விமானத்தை வையுங்கள். ஸ்கேலை 40-க்கு மாற்றுங்கள். அந்த விமானத்தைக் காட்டும் புள்ளி திரையின் நடுவில் வந்தால் நாட்டிக்கல் மைல். கிலோமீட்டராக இருந்தால் அது மேல் விளிம்பை ஒட்டி இருந்திருக்கும். நடுவில்தான் வந்தது. வீடியோவாகப் பதிவு செய்து வகுப்பு நடத்துபவருக்கு அனுப்பினேன். "அண்ணா, உங்க செட்டிங்ஸ் ஏதோ மாறியிருக்கும்" என்று ஒரு பதில் வந்தது. அப்புறம் பதிலே இல்லை.

அடுத்தது கர்சரின் (ரேடார் திரையில் நாம் நகர்த்தும் குறியின்) மேலும் கீழும் வரும் இரண்டு எண்கள். மேலே இருப்பது மிக உயரத்தில் பறக்கும் எதிரியின் உயரம், கீழே இருப்பது மிகத் தாழ்வாகப் பறப்பவனின் உயரம் என்று சொல்லித்தந்தார். அவை எந்த விமானத்தின் உயரமும் கிடையாது. கர்சர் நிற்கும் தூரத்தில் உங்கள் ரேடார் கற்றை வானத்தில் எதுவரை மேலே, எதுவரை கீழே துழாவுகிறது என்பதை ஆயிரம் அடிக் கணக்கில் காட்டும் எண்கள். 40 மைலில் (இங்கே மைல் என்பதெல்லாம் நாட்டிக்கல் மைல்தான்) கர்சரை வைத்து 35, 10 என்று வந்தால், அந்தத் தூரத்தில் 10,000 அடிக்குக் கீழே உங்கள் ரேடார் பார்க்கவே இல்லை. ஏற்காடு ஏறக்குறைய 5,000 அடி. அந்த உயரத்தில் ஒருவன் வந்தால், ரேடார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தெரியமாட்டான். ரேடாரின் ஆன்டெனாவைக் கீழே சாய்த்தால்தான் தெரிவான்.

அதே ஆன்டெனா நிலையில் கர்சரை 10 மைலுக்கு இறக்கிப் பாருங்கள், எண்கள் 25, 19 என்கிற மாதிரி நெருங்கிவிடும். கற்றை கிட்டத்தில் குறுகலாகவும் தூரத்தில் அகலமாகவும் இருப்பதே காரணம். ஒரு கணக்கு மனதில் இருந்தால் போதும்: ஒரு டிகிரி சாய்வு என்பது, தூரத்தை மைலில் எடுத்து நூறால் பெருக்கினால் வருகிற அடி. 40 மைலில் சுமார் 4,000 அடி, 10 மைலில் சுமார் 1,000 அடி. இந்த ஒன்றைச் சொல்லித்தந்திருந்தாலே அந்தப் பணம் தகும் என்பேன். வகுப்பில் இதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.

அட்டையில் இருக்கும் படமும் ஆபத்தானது. திரையின் அடியில் நடுவில் ஒரு சின்ன விமானம் வரைந்து, அங்கிருந்து கோடுகள் விரிவது போலப் போட்டிருக்கிறார்கள். அந்தத் திரை அப்படி வேலை செய்யாது. கீழ் விளிம்பு முழுவதுமே நீங்கள்தான். மடக்கு விசிறியின் கைப்பிடி முனையை இழுத்து நீட்டி விசிறியைச் சதுரமாக்கினால் எப்படி இருக்குமோ அப்படி: பக்கவாட்டில் டிகிரி, மேல்நோக்கித் தூரம். எஃப்-16-இல் நடுவுக்கும் இடது ஓரத்துக்கும் சரிபாதியில் ஒரு புள்ளி இருந்தால், முழு அகலத் தேடலில் அது 30 டிகிரி இடப்பக்கம். 40 மைலில் அவன் உங்கள் பாதையிலிருந்து 20 மைல் விலகி இருக்கிறான். 5 மைலில் அதே செங்குத்துக் கோட்டில் புள்ளி இருந்தால் விலகல் இரண்டரை மைல்தான். படத்தை நம்பி இரண்டையும் ஒன்றாக நினைத்துத் திரும்பினால், கிட்டத்தில் இருப்பவன் உங்கள் பின்னால் வந்துவிடுவான்.

இன்னும் உண்டு. ரேடார் பக்கவாட்டில் எவ்வளவு அகலம் தேடுகிறது என்பதைக் காட்ட எஃப்-16 திரையில் 'ஏ6' என்று வந்தால் 6 டிகிரி என்றார். அது பக்கத்துக்கு 60 டிகிரி, மொத்தம் 120. எஃப்-18-இல் 140 என்று வருவது இரு பக்கமும் சேர்த்த மொத்தம். ஸ்கேலைக் கூட்டினால் ரேடார் சக்தியும் கூடும் என்றார். கூடாது, திரை காட்டும் தூரம் மட்டுமே மாறும். ஸ்கேல் 20-ல் இருக்கும்போது 35 மைலில் வருபவன் திரைக்கு வெளியே இருப்பான், அவ்வளவுதான்.

சேர நினைப்பவர்கள் முதலில் அந்த அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். கர்சர் எண்கள் என்ன என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். வாங்கிய ஒவ்வொரு விமானத்தின் கையேடும் உங்கள் கணினியில், விளையாட்டின் ஃபோல்டருக்குள்ளேயே பி.டி.எஃப். ஆக இருக்கிறது. பயிற்சி மிஷன்களும் கூடவே வருகின்றன. வாங்காதவர்களுக்கு 14 நாள் இலவச முன்னோட்டம் கிடைக்கிறது. இவை எதையும் அவர் வகுப்பில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடுத்த வாரம் அந்த அறையில் யார் உட்கார்ந்திருப்பார்கள்?

எங்களோடு ஆத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து படித்த கல்லூரி மாணவர் ஒருவர் இருந்தார். பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தைக் கட்டியிருந்தார். அவர் திருப்பிக் கேட்டதற்கு, "தம்பி, அட்டையை வாங்கிட்டீங்க இல்ல, அது ரீஃபண்ட் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். கட்டும்போது அப்படி ஒரு நிபந்தனையை யாரும் சொல்லவில்லை. ரசீதிலும் இல்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஆத்தூர் தம்பியும் எங்களோடு சேர்ந்திருக்கிறார். அதே அட்டையை வாங்கியவர்கள் யுபிஐ பரிமாற்ற எண்ணையும் அட்டையின் இரண்டு பக்கப் படத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு எனக்குச் செய்தி அனுப்புங்கள், சேர்த்தே கொடுத்துவிடலாம்.