மோதலா, குரலா, பாட்டா, பாதி கட்டின வீடா: காதல் கொமடிக்கு எந்தத் தொடக்கம்?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் எடுக்கிற காதல் குறும்படங்கள் எப்படித் தொடங்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். கல்லடிப் பாலத்துக்கு மேலே ட்ரோன். வாவியில் ஒரு தோணி. மெல்லிய பியானோ. பிறகு ஒரு ஸ்கூட்டி இடிபட்டு ஒரு பெண்ணின் புத்தகங்கள் ரோட்டில் விழும். அதற்குள் 4 நிமிடம் போயிருக்கும். படம் மொத்தமே 14 நிமிடம். யாருக்கு என்ன வேண்டும், எது குறுக்கே நிற்கிறது என்று இன்னும் ஒன்றும் தெரியாது.

காதல் கொமடியில் இரண்டு பேரும் கடைசியில் சேருவார்கள் என்பது போஸ்டரிலேயே தெரிந்த சங்கதி. ‘சேருவார்களா’ என்ற கேள்வியை வைத்து வண்டி ஓட்ட முடியாது. தொடக்கத்துக்கு உள்ள வேலை வேறு. சேர்வதற்கு எது இடைஞ்சல் என்று காட்ட வேண்டும், அந்த இடைஞ்சலைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று அனுமதியும் கொடுக்க வேண்டும். அழுகைப் படத்திலும் இதே இடைஞ்சல்தான் இருக்கும், அனுமதிதான் இருக்காது.

இடைஞ்சலுக்கு இந்தப் பக்கத்தில் பஞ்சமே இல்லை. வீடு பெண்ணுக்குச் சீதனமாகப் போகும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். தாய்வழிக் குடி, அதாவது வம்சம், பார்ப்பார்கள். ஒரே குடி என்றால் அண்ணன் தங்கச்சி முறை, பேச்சு அதோடு முடிந்தது. சென்னைப் படத்தைப் பார்த்துப் பிரதி எடுக்கிறவர்கள் கையில் இருக்கிற இந்தச் சரக்கை விட்டுவிட்டு, அங்கிருந்து புத்தகம் விழுகிற காட்சியை இறக்குமதி செய்கிறார்கள்.

நியாயமாக ஒப்பிட ஒரே கதையை வைத்துக்கொள்வோம். கல்முனைக்குப் பக்கத்தில் தர்சினிக்குச் சீதன வீடு எழும்புகிறது. பேசி முடித்த மாப்பிள்ளை கட்டாரில். வீடு முடிந்ததும் கல்யாணம். வயரிங் வேலைக்கு வருகிறவன் கோபி. அவனுக்கும் அவளுக்கும்தான் கதை. 14 நிமிடம், 2 நாள் படப்பிடிப்பு, ஒரு போன் கமரா, சட்டையில் குத்துகிற ஒரு லேப்பல் மைக். இதை எப்படித் தொடங்கலாம்?

மோதிக்கொள்வது

தர்சினி பாதி கட்டின வீட்டுக்குள் வருகிறாள். வாசலில் கிடக்கிற பீவிசி குழாய் காலில் இடறுகிறது. சண்டை.

இதன் பலம் வெளிப்படை: முதல் நிமிடத்திலேயே இரண்டு பேரும் ஒரே சட்டகத்துக்குள் வந்துவிடுவார்கள். ஆனால் மலிவான தொடக்கம் இல்லை. முழு இடத்தையும் காட்டுகிற ஒரு அகல ஷொட், இருவருக்கும் தனித்தனியாக நடுத்தர ஷொட், தனித்தனியாகக் குளோசப், காலும் குழாயும் மட்டும் ஒன்று, திரும்பிப் பார்க்கிறது ஒன்று என்று 10 முதல் 12 ஷொட் வரை போகும். கூரை போடாத வீட்டில் வெயில் நகர நகர நிழல் சுவரில் இறங்கும். 3 மணித்தியாலத்துக்குள் முடிக்காவிட்டால் அவள் முகத்தில் காலை வெளிச்சம், அவன் முகத்தில் மத்தியான வெளிச்சம் என்று ஆகிவிடும். முதலில் ஒருவருடைய ஷொட்களை எல்லாம் எடுத்து முடித்துவிட்டு மற்றவருடையதைத் தொடங்குகிற பழக்கம்தான் இதற்குக் காரணம். ஒரு வசனத்துக்கு இரண்டு பக்கமும் எடுத்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனால் வெளிச்சம் ஒட்டி நிற்கும். கமராவைத் தூக்கித் தூக்கி வைக்கத்தான் அலுப்பு.

எழுத்தில் நடக்கிற பிழை இதைவிடப் பெரியது. மோதினதைப் பற்றியே சண்டை பிடிப்பார்கள். “கண் தெரியாதா?” “உங்களுக்குத் தெரியாதா?” என்று மூன்று சுற்று. அந்தச் சண்டை படத்தில் வேறெதற்கும் உதவாது. சண்டை கதைக்குள் கிடக்கிற ஒரு பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்:

“இதில ஆரு பிளக் அடிக்கச் சொன்ன?”

“உங்கட அப்பாதான்.”

“அப்பாவா சமைக்கப் போறாரு?”

மூன்றே வரி. வீடு அவளுக்கானது, முடிவு எடுக்கிறவர் அப்பா, அவளுக்கு வாய் உண்டு. மூன்றும் தெரிந்துபோயிற்று. குழாய் இடறவே தேவையில்லை.

1934இல் வந்த ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ என்ற பழைய ஆங்கிலப் படத்தில் இருவரும் பஸ்ஸில் சீட்டுக்குச் சண்டை பிடித்துத்தான் அறிமுகமாகிறார்கள். அதற்கு முன்பே அவள் அப்பாவின் உல்லாசப் படகிலிருந்து கடலில் குதித்து நீந்தித் தப்புவதைக் காட்டிவிடுகிறார்கள். எப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி வந்து அந்தச் சீட்டில் உட்காரப் போகிறாள் என்று பார்க்கிறவருக்கு முதலே தெரியும். பிரதி எடுக்கிறவர்கள் சீட்டை எடுத்துக்கொண்டு படகை விட்டுவிடுகிறார்கள்.

குரல் சொல்லித் தொடங்குவது

கூத்தில் ராசா வருமுன் கட்டியகாரன் வந்து வரவு சொல்லுவான். வொய்ஸ் ஓவருக்கும் அதே உத்தியோகம்தான். கூத்து விடிய விடிய ஆடுவது, வரவுக்கு எவ்வளவு நேரமும் கொடுக்கலாம். 14 நிமிடப் படத்தில் குரல் 40 விநாடியைத் தாண்டினால் அது வானொலி நாடகம். நிதானமாகப் பேசினால் 40 விநாடிக்குள் 60, 65 தமிழ்ச் சொல்தான் கொள்ளும். எழுதியதை மணிக்கூடு வைத்து வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் முதல் பிரதி பெரும்பாலும் அதைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

செலவு மிகக் குறைவு, அதனாலேயே எல்லோரும் இதில் விழுகிறார்கள். அறையில் ஃபேனை நிறுத்தி, உடுப்பு நிறைந்த அலுமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்தபடி பேசினால் எதிரொலி அடங்கும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுச் சரித்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ‘ப’கரம் எல்லாம் வெடிக்கும்.

காதில் குத்துகிற குறை மொழி. படத்துக்குள் “மறுகா பாப்பம்” (பிறகு பார்ப்போம்) என்று பேசுகிறவன், குரலில் மட்டும் “அவளைப் பார்த்த அந்த நொடியில்” என்று சென்னைக்காரனாகிவிடுகிறான். கோபி சொல்லுகிற கதை என்றால் கோபியின் வாயால் வரட்டும்.

குரல் எப்போது எடுபடும்? படத்தோடு ஒத்துப்போகாதபோது. 2009இல் வந்த ‘500 டேய்ஸ் ஒஃப் சமர்’ படத்தில் கதை சொல்கிறவர் ஆரம்பத்திலேயே இது காதல் கதை இல்லை என்று சொல்லிவிடுகிறார். பார்க்கிறவர் அந்தக் குரலோடு வழக்காடிக்கொண்டே மிச்சப் படத்தைப் பார்ப்பார். நம்முடைய கதையில் “கோபி சொன்னா சொன்ன நேரத்துக்கு நிப்பான்” என்று குரல் சொல்ல, படத்தில் மூன்று வீட்டுக்காரர் வாசலில் நின்று அவனுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்க வேண்டும். குரல் சொன்னதையே படமும் காட்டினால் இரண்டில் ஒன்று தண்டம்.

இதற்கு ஒரு தங்கை உண்டு: வேறு ஆட்களைப் பேச விடுவது. 1989இல் வந்த ‘வென் ஹரி மெட் சலி’ ஒரு முதிய தம்பதி சோபாவில் இருந்து தாங்கள் சேர்ந்த கதையைச் சொல்வதில் தொடங்குகிறது. பேட்டி போலத் தெரிந்தாலும் அவர்கள் நடிகர்கள். ஒரு ஷொட், ஒரு சோபா, அவ்வளவுதான். இங்கே ஒரு பெத்தப்பாவையும் பெத்தம்மாவையும் திண்ணையில் இருத்தி இதைச் செய்தால் அழகாக வரும்.

முடிவுக்குப் பக்கத்திலிருந்து தொடங்குவது

‘அலைபாயுதே’ (2000) இதற்குத் தெரிந்த உதாரணம். பைக்கில் பாட்டோடு போகிறான், மனைவியைக் கூட்டிவர நிற்கிறான், அவள் வரவில்லை; பிறகுதான் பழைய கதை. கேள்வி ‘என்ன நடந்தது’ என்று மாறிவிடுவதால் பார்க்கிறவர் எழும்பிப் போகமாட்டார்.

கொமடிக்கு இது ஆபத்து. கவலையோடு தொடங்கிய படத்தில் முதல் சிரிப்பு 3 நிமிடம் பிந்தி வந்தால் சிரிக்கலாமா என்று ஆட்கள் யோசிப்பார்கள். நம்முடைய கதைக்கு வேறொரு சிக்கலும் இருக்கிறது: முடிவு என்றால் வீடு பூசி, பெயின்ட் அடித்து, விளக்கு எரிய வேண்டும். பாதி கட்டின வீட்டை ஒரு நாள் இரவல் வாங்கலாம். அதே வீட்டை முடித்துக் காட்ட முடியாது. ஒரே மாதிரி ஜன்னல் உள்ள இன்னொரு வீட்டைத் தேடி, நெருக்கமான ஷொட்டில் மட்டும் எடுத்துச் சமாளிக்க வேண்டும். கதவடியில் ஒன்றும் கட்டிலடியில் ஒன்றுமாக உள்ள டூ வே சுவிட்சை மட்டும் காட்டினால் போதும். ஒரு விரல் போடுகிறது, மற்ற விரல் அணைக்கிறது. யாருடைய விரல் என்று தெரியாது. இதை 10 விநாடிக்கு மேல் நீட்டக் கூடாது.

பாட்டும் ஊரும்

1964இல் ‘காதலிக்க நேரமில்லை’ மெரினாக் கடற்கரையில் ‘என்ன பார்வை’ பாட்டோடு தொடங்கியது. பெரிய திரை, ஈஸ்ட்மன் கலர், விஸ்வநாதன் ராமமூர்த்தி. போன் திரையில் பார்க்கிற குறும்படத்துக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தெரிந்த சினிமாப் பாட்டை எடுத்துப் போட்டால் யூடியூப் உரிமைக் கோரிக்கையில் மாட்டிவிடும். சத்தத்தை முடக்கினால் தொடக்கமே ஊமை.

ஊரைக் காட்டுகிறவர்கள் சூரியனைக் கவனிப்பதில்லை. கல்லடிக் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து உதிக்கும்; மறைவது கடலில் இல்லை, வாவிப் பக்கம். பின்னேரம் 5.30க்குக் கடற்கரையில் போய் நின்றால் மணல் மங்கி, முகம் சாம்பலாகத்தான் வரும். பொன் வெளிச்சம் கடலோடு வேண்டுமென்றால் காலை 6 மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பின்னேரம் என்றால் வாவிக்கரை. 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தில் ஆட்களை நடக்க விடலாம், பக்கத்தில் 2013இல் திறந்த புதுப் பாலத்தின் வாகன இரைச்சலை மட்டும் கணக்கில் எடுக்க வேண்டும். கச்சான் என்கிற மேல்காற்று வீசும் மாதங்களில் மைக்குக்குப் பஞ்சு உறை இல்லாமல் வெளியே வசனம் எடுப்பது வீண் வேலை. ட்ரோனுக்கு அனுமதி வேறு முன்கூட்டியே எடுக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்டும் ஊரைக் காட்டுகிற அந்த 50 விநாடியில் கோபியைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஆளின் குறையைக் காட்டுவது

இந்த ஐந்தில் சிறு குழுவுக்கு எங்கள் தெரிவு இதுதான். 1994இல் வந்த ‘ஃபோர் வெடிங்ஸ் அன்ட் எ ஃபியூனரல்’ நாயகன் நேரம் பிந்தி எழும்புவதில் தொடங்குகிறது. மாப்பிள்ளைத் தோழனாக நிற்க வேண்டியவன் அலறியடித்து ஓடுகிறான், மோதிரத்தையும் மறந்துவிடுகிறான். நாயகியோடு இன்னும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. ஆனால் இவன் தன் வாழ்க்கைக்கும் பிந்தித்தான் வருவான் என்று பார்க்கிறவருக்கு விளங்கிவிட்டது.

கோபிக்கு ஒரு குறை கொடுப்போம்: அவனால் ‘இல்லை’ சொல்ல முடியாது, எதற்கும் ‘ஓம்’, அதாவது ஆமாம்தான். ஏணியில் நிற்கிறான், போன் அடிக்கிறது. “ஓம் அண்ணன், இந்தா வந்துக்கிட்டிரிக்கன்.” ஏணியை விட்டு அசையவில்லை. 12 விநாடி. மறுபடி போன். “ஓம் அக்கா, உங்கட வாசல்லதான் நிக்கிறன்.” 8 விநாடி. மூன்றாவது குரல் போனில் இல்லை, ஏணிக்குக் கீழே: தர்சினியின் அப்பா. “தம்பி, ஆவணிக்குள்ள முடிச்சிருவீங்களா? அதுக்குப் பிறகுதான் கல்யாணத்துக்கு நாள் வைக்கலாம்.” கோபி வாயைத் திறக்கும்போது அவருக்குப் பின்னால் தர்சினி வந்து நிற்கிறாள். 20 விநாடி எடுத்துக்கொள்ளலாம்.

அவன் சொல்லுகிற ஒவ்வொரு ‘ஓம்’மும் அவளுடைய கல்யாணத்தைக் கிட்டக் கொண்டுவருகிறது. குறையும் இடைஞ்சலும் ஒரே சொல்லில் முடிச்சாகிவிட்டன. படத்தின் கடைசியில் அவன் எந்தச் சொல்லைப் பழகியிருக்க வேண்டும் என்பதும் முடிவாகிவிட்டது. 6 ஷொட், ஒரே இடம், ஒன்றரை மணித்தியாலம்.

பிழைக்கிற இடங்கள் சின்னவை. நாலாவது போன் வைத்தால் சிரிப்பு செத்துவிடும். இரண்டு ஒரே மாதிரி, மூன்றாவது மாறி வர வேண்டும். போனை உண்மையாக அடிக்க விடக் கூடாது, ஃப்ளைட் மோடில் போட்டு ரிங் சத்தத்தை எடிட்டிங்கில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் மைக்கில் இரைச்சல் ஏறும். மறுமுனைப் பேச்சைக் கமராவுக்குப் பின்னால் ஒருவர் வாசிக்க வேண்டும். வெறும் மனக்கணக்கில் இடைவெளி விட்டால் நடிகர் எப்போதும் அவசரப்படுவார். மைக் சேட் பைக்கு அருகில் இருந்தால் போனை எடுக்கும்போது துணி உரசும். கழுத்துப் பட்டியின் உட்பக்கம் குத்தலாம்.

இதற்குப் பின்னாலேயே பிளக் சண்டையை ஒட்டினால் முதல் இரண்டு நிமிடமும் சரி. தலைப்பு எழுத்து எங்கே விழுகிறது என்பது மட்டும் மிச்சம். பெரும்பாலும் கறுப்புத் திரையில், முதல் ஷொட்டுக்கு முன்பே போட்டுவிடுகிறார்கள். இந்தக் கதையில் அது ஏணியின் மேலே, கோபி தர்சினியைப் பார்த்தபடி மூன்றாவது தடவை வாயைத் திறக்கிற இடத்தில், ‘ஓ…’வுக்கும் ‘…ம்’முக்கும் நடுவில் விழ வேண்டும்.