சைக்கிளில் மோட்டார் மாட்டப் போகிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

என் அப்பாவுக்கு 68 வயது. தஞ்சாவூர் மாவட்டத்தில் பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு கறவை மாடுகள். காலையிலும் சாயங்காலமும் 4 கிலோமீட்டர் சைக்கிள் மிதித்துப் போய்ப் பால் சங்கத்தில் ஊற்றிவிட்டு வருவார். போகவர ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர். முழங்கால் வலி வந்த பிறகும் சைக்கிளை விடவில்லை. மொபெட் வாங்கித் தருகிறேன் என்றால், "இந்த வயசுல நான் எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கணுமா?" என்று கேட்பார். சரி, அவருடைய சைக்கிளிலேயே பின்சக்கரத்தில் மோட்டார் மாட்டிவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன்.

24,500 ரூபாய் கொடுத்தேன். மூன்றாவது வாரம் அப்பா வாய்க்கால் பாலத்தில் பால் கேனோடு விழுந்தார். முழங்கை தேய்ந்து, கணுக்கால் சுளுக்கியதோடு போயிற்று. பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னைத் தூங்கவிடுவதில்லை. அதனால்தான் நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி கிட் (மோட்டார் சக்கரம், பேட்டரி எல்லாம் சேர்ந்த செட்) எல்லாமே ஏமாற்று வேலை என்று நான் சொல்ல வரவில்லை. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருந்தால் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பதிவும் வேண்டாம், லைசென்ஸும் வேண்டாம். எங்கள் பக்கம் ரோடு எல்லாம் சமதரை. வாய்க்கால் பாலங்களில் ஏறி இறங்குவதுதான் மேடு. அப்பா போன்றவர்களுக்கு இது தாராளமாகப் போதும். ஒழுங்காக மாட்டியிருந்தால் இன்றைக்கும் அவர் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருப்பார்.

கடை திருச்சியில். போனில் பேசியவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "36 வோல்ட், 10 ஆம்பியர்-ஹவர் லித்தியம் பேட்டரி சார். ஒரு சார்ஜுக்கு 45 கிலோமீட்டர் போகும். ஒரு வருஷம் வாரண்டி." (ஆம்பியர்-ஹவர் என்பது பேட்டரி எவ்வளவு கரண்ட் பிடித்து வைக்கும் என்கிற அளவு.) எந்த சைக்கிள் என்று கேட்டார். அப்பாவுடைய பழைய 22 இன்ச் ஹெர்குலிஸ் என்றேன். "எல்லா சைக்கிளுக்கும் செட் ஆகும் சார்" என்றார். நான் நம்பிவிட்டேன். 10,000 ரூபாய் அட்வான்ஸை அப்போதே அனுப்பினேன். மீதிப் பணத்தை வண்டி எடுக்கும்போது கொடுத்தேன். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டில் 'கிட் + ஃபிட்டிங்' என்று எழுதிக் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி எண் இல்லை, பேட்டரியின் விவரம் இல்லை, வாரண்டி என்ற வார்த்தையே இல்லை.

இப்போது சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய பால்காரர் சைக்கிள் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். அந்த சைக்கிளில் பின்சக்கரத்துக்கு 40 ஸ்போக்ஸ் கம்பி, 28 இன்ச் ரிம். கிட்டில் வரும் மோட்டாரில் 36 கம்பிக்குத்தான் துளை. அதனால் நம் பழைய ரிம்மில் அந்த மோட்டாரைக் கோர்க்க முடியாது. கடைக்காரர் என்ன செய்தார் என்றால், கிட்டோடு வந்த 26 இன்ச் அலுமினிய ரிம்மை அப்படியே தூக்கி மாட்டிவிட்டார். பின்பக்கம் இரண்டு விரல் அளவு தாழ்ந்து நின்றது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பின் பிரேக்கே இல்லாமல் போனதை எப்படிப் பொறுப்பது?

அந்தக் காலத்து சைக்கிளில் பிரேக்குக்குக் கேபிள் கிடையாது. ஹேண்டிலிலிருந்து பின்சக்கரம் வரைக்கும் இரும்புக் கம்பிதான் இழுக்கும். பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கமாகப் போய்ப் பிடிக்கும். அதற்கென்றே வளைத்துச் செய்த ரிம் அது. ரிம் சின்னதானால் கட்டைக்கு எட்டாது. எட்டினாலும் அலுமினிய ரிம்மின் உள்பக்கத்தில் ஸ்போக்ஸ் கம்பியின் முனைகள்தான் இருக்கும், பிடிக்க இடமே இருக்காது. கேட்டேன். "முன் பிரேக் இருக்குல்ல சார், அதுவே போதும்" என்றார். 15 லிட்டர் பாலோடு, மோட்டார் ஓடுகிற சைக்கிளில், 68 வயது ஆள் முன் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டுமாம்.

இன்னொன்றும் உண்டு. பிரேக் பிடித்த உடனே மோட்டாருக்குக் கரண்ட் நிற்க வேண்டும். அதற்கான கட்-ஆஃப் ஸ்விட்ச், கிட்டோடு வருகிற பிரேக் லீவருக்குள் இருக்கும். அந்த லீவர் கேபிள் பிரேக்குக்கானது. எங்கள் சைக்கிளில் மாட்ட வழியில்லை. அதனால் அந்த ஸ்விட்சுக்கான இரண்டு ஒயரையும் மடித்து டேப் சுற்றி, மோட்டாருக்குக் கரண்டை அளந்து அனுப்பும் கண்ட்ரோலர் பெட்டிக்குள் திணித்துவிட்டார்கள். இதை அவர்கள் சொல்லவில்லை. பிறகு பெட்டியைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

அப்பாவைக் கீழே தள்ளியது இதுவும் இல்லை, ஆக்ஸில், அதாவது சக்கரத்தின் நடுவில் இருக்கும் அச்சு. சாதாரண சைக்கிளில் ஆக்ஸில் சும்மா நிற்கும், சக்கரம் அதைச் சுற்றி உருளும். மோட்டார் சக்கரத்தில் கதை வேறு. மோட்டார் சக்கரத்தை முன்னால் தள்ளும்போது அதே பலத்தோடு ஆக்ஸிலைப் பின்பக்கமாகத் திருகும். அது திரும்பாமல் இருப்பதற்காகத்தான் 12 மில்லிமீட்டர் ஆக்ஸிலின் இரண்டு பக்கத்தையும் தட்டையாகச் சீவி 10 மில்லிமீட்டர் ஆக்கியிருப்பார்கள். பின் ஃபோர்க்கின் நுனியில் ஆக்ஸில் உட்காரும் பிளவு அந்தத் தட்டைப் பக்கங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதோடு டார்க் ஆர்ம் என்று ஒரு இரும்புப் பட்டை. ஒரு முனை ஆக்ஸிலைக் கவ்வும், மறுமுனையை ஃபிரேமோடு கிளாம்ப் போட்டு முடுக்குவார்கள். பிளவு கொஞ்சம் தளர்ந்தாலும் அந்தப் பட்டை காப்பாற்றும்.

எங்கள் சைக்கிளில் பிளவு 10 மில்லிமீட்டருக்கும் துளி குறைவு. லேசாக அரம் போட்டால் போதும். கடைப் பையன் 12 மில்லிமீட்டர் ஆக்ஸில் எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழைகிற அளவுக்கு ராவித் தள்ளியிருக்கிறான். தட்டைப் பக்கத்தைப் பிடிக்க வேண்டிய இடமே போய்விட்டது. ஃபிரேமின் அகலம் பதினொன்றரை சென்டிமீட்டர், மோட்டாருக்குப் பதின்மூன்றரை வேண்டும். கடப்பாரையை நடுவில் விட்டு நெம்பி விரித்ததை நானே பக்கத்தில் நின்று பார்த்தேன். தெரிந்தவர்கள் செய்கிறார்கள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். டார்க் ஆர்ம் மாட்டவே இல்லை. கிட் பெட்டியின் அடியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அப்படியே கிடந்தது.

அன்றைக்குக் காலை ஐந்தே முக்கால் இருக்கும். பாலம் ஏறும்போது அப்பா த்ராட்டிலை (ஹேண்டிலில் வேகம் கூட்டும் பிடியை) திருகியிருக்கிறார். 'டக்' என்று ஒரு சத்தம். ஆக்ஸில் பிளவுக்குள் சுழன்று, நட்டு தளர்ந்து, சக்கரம் சாய்ந்து ஃபிரேமில் போய் முட்டி நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது மோட்டார் ஒயர் ஆக்ஸிலில் முறுக்கிக்கொண்டு, தோல் உரிந்து, மஞ்சள், பச்சை, நீலக் கம்பிகளின் செம்பு வெளியே தெரிந்தது. பால் முழுக்க ரோட்டில். அப்பா பாலத்துக் கட்டையில் உட்கார்ந்துகொண்டு, "பால் போச்சுடா" என்றார். அடிபட்டதைப் பற்றிப் பேசவே இல்லை.

பேட்டரியை எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே பார்த்துவிடலாம். 45 கிலோமீட்டர் என்றார்கள், வண்டி வந்த முதல் நாளே 9 கிலோமீட்டரில் நின்றுவிட்டது. பேட்டரி செத்த பிறகு அந்த மோட்டாரின் காந்த இழுவையையும் சேர்த்து மிதிக்க வேண்டும். வெறும் சைக்கிளே எவ்வளவோ மேல் என்று அப்பா அன்றைக்கே சொன்னார். போன் செய்தால், "நாலஞ்சு தடவை சார்ஜ் போட்டா சரியாயிடும் சார்" என்ற பதில். சரியாகவில்லை. சார்ஜரில் 2 ஆம்பியர் என்று போட்டிருந்தது. 10 ஆம்பியர்-ஹவர் பேட்டரி காலியாக இருந்தால் அந்த சார்ஜரில் நிரம்ப 5 மணி நேரத்துக்குக் குறையாது. எங்களுடையது ஒன்றரை மணி நேரத்தில் பச்சை விளக்கு காட்டியது. அப்படியென்றால் உள்ளே இருப்பது 3 ஆம்பியர்-ஹவர்தான். கணக்கு அவ்வளவு எளிது, எனக்குத்தான் உறைக்க மூன்று வாரம் ஆயிற்று.

விழுந்த பிறகு பேட்டரியை மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். பெட்டியோடு 1 கிலோ 420 கிராம். இந்தப் பேட்டரிகளுக்குள் டார்ச் பேட்டரி மாதிரி உருளையாக இருக்கும் லித்தியம் செல்லுக்கு 18650 என்று பெயர்; 2,500 மில்லி ஆம்பியர்-ஹவர் கொண்டது ஒன்று சுமார் 46 கிராம் இருக்கும். 36 வோல்ட்டுக்கு 10 செல்லை வரிசையாகக் கோர்க்க வேண்டும். 10 ஆம்பியர்-ஹவருக்கு அப்படி நாலு வரிசை. மொத்தம் 40 செல். செல்கள் மட்டுமே 1 கிலோ 800 கிராமுக்கு மேல் வர வேண்டும். யுபிஎஸ் பழுது பார்க்கிற நண்பர் ஒருவர் பிரித்துப் பார்த்தார். (நீங்களாகப் பிரிக்காதீர்கள். லித்தியம் பேட்டரியில் கத்தி தவறிப் பட்டால் தீப்பிடித்துவிடும்.) உள்ளே 20 செல்தான். மீதி இடத்தில் தெர்மாகோல். செல்களின் உறை ஆளுக்கொரு நிறம். முனைகளில் பழைய பட்டையைப் பிய்த்தெடுத்த வெல்டிங் தழும்பு அப்படியே தெரிந்தது. "பழைய லேப்டாப் பேட்டரியில் உருவினதுங்க" என்றார் நண்பர். 15 ஆம்பியர் இழுக்கும் கண்ட்ரோலருக்கு இரண்டே வரிசை என்றால் ஒரு செல்லுக்கு ஏழரை ஆம்பியர். லேப்டாப் செல் அந்த இழுவைக்குச் செய்ததில்லை. ஓட்டி வந்தபின் பேட்டரிப் பெட்டி அவ்வளவு சுட்டதற்குக் காரணம் அதுதான். அதைத்தான் தினமும் ராத்திரி மாட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தோம்.

கடைக்குப் போனேன். முதலில், தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி கிடையாது என்றார்கள். அப்புறம், வெயிட் ஏற்றினால் இப்படித்தான் ஆகும் என்றார்கள். ராவிய பிளவைக் காட்டினேன், பதில் இல்லை. கடைசியில், மூவாயிரம் கொடுத்தால் வேறு பேட்டரி தருகிறோம், வேண்டுமானால் கண்ட்ரோலரில் ஒரு வெள்ளை ஒயரைப் பிடுங்கிவிடுகிறோம், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் வரைக்கும் போகும் என்று ஆசை காட்டினார்கள். அப்படிச் செய்தால் அது சைக்கிளே இல்லை, பதிவும் இன்சூரன்ஸும் கேட்கிற மோட்டார் வண்டி. பின் பிரேக் இல்லாத மோட்டார் வண்டி.

சரி, பழைய சக்கரத்தையாவது கொடுங்கள் என்றேன். பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார்கள். அப்பா முப்பது வருஷமாகத் தன் கையாலேயே எண்ணெய் விட்டு வைத்திருந்த ஹப் அது. அவரிடம் இதைச் சொல்வதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

நீங்கள் மாட்டுவதாக இருந்தால், கழற்றுகிற ஒவ்வொரு உருப்படியையும் சாக்கில் கட்டி வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். கம்பி பிரேக் சைக்கிள் என்றால், பின் பிரேக்குக்கு என்ன செய்வீர்கள் என்பதைத்தான் முதல் கேள்வியாகக் கேளுங்கள். மழுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள். டார்க் ஆர்ம் மாட்டாத வண்டியைக் கடை வாசலை விட்டு எடுக்காதீர்கள். பேட்டரியைத் தராசில் வைத்துப் பாருங்கள், வெட்கப்பட வேண்டாம். முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்காதீர்கள். பேட்டரியின் வோல்ட், ஆம்பியர்-ஹவர், வாரண்டி மூன்றும் பில்லில் எழுத்தில் வர வேண்டும். என்னிடம் இருந்தது அந்தத் துண்டுச் சீட்டும், பணம் அனுப்பிய விவரமும், அவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்பிய '45 கி.மீ.' விளம்பரப் படமும்தான். நல்லவேளையாக அதை அழிக்காமல் வைத்திருந்தேன்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். கடைக்காரர் அதற்கும் மசியவில்லை. பிறகு தஞ்சாவூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். கடை திருச்சியில் இருந்தாலும், 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு செய்யலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமல் நானே எழுதிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள்.

சைக்கிளை எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனிடம் விட்டோம். ராவிய பிளவில் இரும்புத் துண்டு வைத்து வெல்டிங் செய்து, ஃபிரேமைப் பழையபடி ஒடுக்கி, 40 துளை ரிம்மைக் கும்பகோணத்தில் தேடி வாங்கி, ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து கம்பி கோர்த்துக் கோட்டம் எடுத்துக் கொடுத்தார். கூலி சொல்லமாட்டேன் என்றார், நான்தான் பிடிவாதமாகக் கொடுத்தேன். காலைப் பாலை இப்போது நான் கொண்டுபோகிறேன். சாயங்காலப் பாலுக்கு அப்பாவே மெதுவாக மிதித்துப் போகிறார், பாலம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு ஏறுகிறார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வந்ததும் எழுதுகிறேன்.