கேரவன் கழிவுத் தொட்டியும் நாகர்கோவில் கழிவுநீர் லாரியும்: ஒரு மதிப்புரை

ராஜாக்கமங்கலம் பக்கம் உறவினரின் தென்னந்தோப்பில் கேரவனை நிறுத்தித் தங்கியிருந்த எங்களுக்கு, அதன் கழிவுத் தொட்டியைக் காலி செய்வதே பெரிய கவலையாக இருந்தது. வெளிநாட்டு முகாம் தளங்களில் இதற்கென வடிகால் வாய் இருக்கும். இங்கு செப்டிக் டேங்க் உறிஞ்சும் லாரிதான் ஒரே வழி. நாகர்கோவிலிலிருந்து வந்த அத்தகைய ஒரு சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

தொலைபேசியிலேயே உரிமம் உண்டா, கழிவை எங்கே கொண்டுபோய்விடுவீர்கள் என்று கேட்டேன். சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் என்று தயங்காமல் சொன்னார்கள். கிணற்று நீரைக் குடிக்கிற வீடுகள் நெருக்கமாக உள்ள மாவட்டம் இது; ஓடையில் திறந்துவிட்டால் அது பழையாற்றில் கலந்து மணக்குடிக் கழிமுகம் வரை போகும். ஆகவே இந்தக் கேள்விக்கு மழுப்பலாகப் பதில் சொல்லும் லாரியை அழைக்கவே கூடாது.

வேலையில் அவர்கள் காட்டிய நிதானம் எனக்கு மிகவும் பிடித்தது. லாரியின் குழாய் எங்கள் தொட்டியின் 3 அங்குல வாயைவிடப் பெரியது என்பதால் இடையில் இரண்டையும் இணைக்கும் ஒரு ரெடியூசரைப் பொருத்தினார்கள். பிறகு மூத்த தொழிலாளி, “அண்ணாச்சி, உள்ள கக்கூஸ் மூடியத் திறந்து வைங்க, காத்து போகட்டும்” என்றார். வெறும் பேச்சல்ல அது: கூரைக் காற்றுக்குழாய் அடைபட்டிருந்து, உள்ளே காற்றுப் புகவும் வழியில்லாமல் போனால், லாரி பம்பின் உறிஞ்சு விசை பிளாஸ்டிக் தொட்டியை உள்நோக்கி நசுக்கிவிடக்கூடும். மலத்தொட்டியை முதலில் காலி செய்து, குளியல், சமையல் கழிவுநீர் சேரும் தனித் தொட்டியைப் பின்னர் திறந்தார்கள். அந்த நீரே குழாயைக் கழுவிவிட்டது. கையுறையும் பூட்ஸும் அணிந்தே எல்லாம் செய்தார்கள். பாதுகாப்புக் கருவிகளின்றிச் செப்டிக் டேங்கில் ஆளை இறக்குவதை, கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. கேரவன் தொட்டிக்குள் யாரும் இறங்கவே முடியாது என்றாலும், அதே ஆட்கள் மறுநாள் வேறொரு வீட்டில் வேலை செய்யப்போகிறார்கள் என்பதால் இதைக் கவனிப்பது நம் கடமை.

அவர்கள் வேலை எளிதாக அமைவது நம் பராமரிப்பைப் பொறுத்தது. வடிகால் வாய் உள்ள இடத்தில் மலத்தொட்டியின் வால்வை எப்போதும் திறந்தே வைத்தால் நீர் மட்டும் வடிந்து, திடக்கழிவு அடியில் குவிந்து இறுகிவிடும். மூடியே வைத்து, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிய பிறகு திறந்தால் எல்லாம் ஒரே வேகத்தில் வெளியேறும். ஒவ்வொரு முறையும் தாராளமாகத் தண்ணீர் விட வேண்டும். நாற்றத்துக்கு என்ன ஊற்றுகிறீர்கள் என்றும் கேட்டார்கள். ஃபார்மால்டிஹைட் கலந்த மருந்து, கழிவைச் செரிக்கும் பாக்டீரியாக்களைக் கொன்று சுத்திகரிப்பைக் கெடுக்கும். நொதி (என்சைம்) வகை மருந்தே நல்லது. காலி செய்தபின் தொட்டியில் கொஞ்சம் தண்ணீரும் அந்த நொதியும் விட்டுவைக்க வேண்டும்.

குறையும் உண்டு. எங்கள் தொட்டி சிறியது. ஆனாலும் ஒரு வீட்டுச் செப்டிக் டேங்குக்கான முழுக் கட்டணத்தையே வாங்கினார்கள், சொன்ன நேரத்துக்கும் வெகுவாகத் தாமதித்தே வந்தார்கள். தோப்பு உரிமையாளரின் செப்டிக் டேங்கையும் அதே நடையில் சுத்தம் செய்ய ஏற்பாடு செய்து செலவைப் பகிர்ந்துகொண்டால் கட்டணம் நியாயமாகப்படும். வீட்டுத் தொட்டியை இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை உறிஞ்சியெடுக்கத்தான் வேண்டும். பருவமழை தொடங்கும் முன்பே அழைத்துவிடுங்கள். ஈர மண்ணில் கனமான லாரி தோப்புக்குள் வர இயலாது.